கோரையும் அதன் நிலமும்: தாவரப் பெயரடையாளம் பற்றிய ஒரு மதிப்பீடு

பழந்தமிழ்ச் செய்யுள்களிற் பயின்றுவரும் தாவரப் பெயர்களுக்குப் பொருள் காணும் மரபு எம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. உரையாசிரியர், நிகண்டு செய்தோர், அகராதி தொகுத்தோர், அண்மைக்காலத் தாவர ஆராய்ச்சியாளர் என நால்வகையார் இப்பணியில் ஈடுபட்டுள்ளனர். மரங்களையும் பூங்கொடிகளையும் பொறுத்தவரை இவர்தம் முயற்சி பெரும்பயன் விளைத்துள்ளது. ஆனால், கண்ணைக் கவரும் பூவின்றிச் சேற்றிலும் நீரிலும் நிற்கும் எளிய பூண்டுகளை அடையும்போது இம்மரபு சோர்ந்துவிடுகின்றது. ‘ஒருவகைப் புல்’, ‘ஒருவகைக் கோரை’ என்ற அளவில் விளக்கம் முடிந்துவிடுகின்றது. வேங்கைக்கும் காந்தளுக்கும் பல பக்கங்களை வழங்கிய எமது ஆராய்ச்சி, கோரைக்கு ஒரு வரியே வழங்கியது ஏன் என்னும் வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாகும்.

இவ்வினாவை ஆராய்வதற்கு நூலகம் மட்டும் போதாது. கோரை வளரும் நிலமொன்றும் வேண்டும். கொழும்பு மாநகரின் கிழக்கெல்லையை அடுத்துக் களனி கங்கைக்குத் தெற்கே கிடக்கும் கொலன்னாவைச் சதுப்பினை நாம் அந்நிலமாகக் கொள்கின்றோம். வெள்ளவத்தையில் வாழ்வோர் நாள்தோறும் கடந்து செல்லும் வாய்க்கால், கொலன்னாவை முதலிய ஈரநிலங்களை உள்ளடக்கிய கொழும்பு நீர்வழித் தொகுதி கடலை அடையும் வாய்களுள் ஒன்று. ஆயின், அந்நீர் எங்குத் தங்கி, எவ்வகைப் பூண்டுகளுக்கிடையே ஊறி வருகின்றது என்பதை அறிந்தோர் எம்முட் சிலரே. பெயரை அறிந்து பொருளை அறியாத நிலை இலக்கிய ஆராய்ச்சிக்கு மட்டும் உரியதன்று; எமது நகர வாழ்வுக்கும் உரியதாகிவிட்டது.

1. பொதுப்பெயரின் எல்லை

‘கோரை’ என்பது தனியொரு தாவரத்தின் பெயரன்று. தாவரவியலார் சைப்பெரேசி என வழங்கும் குடும்பத்திலே உலகெங்கும் ஏறத்தாழ 5,500 இனங்கள் உள்ளன. இவற்றுட் பலவற்றைத் தமிழர் கோரை என்றே அழைப்பர். அதேவேளை, அக்குடும்பத்தைச் சாராத சிலவும் இப்பெயரைப் பெற்றுள்ளன. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு சம்பு. பழுப்பு நிறத்திற் கதிர்போன்ற பூந்தண்டுடன் ஆளுயரத்துக்கு மேல் வளரும் இத்தாவரத்தை எமது நூல்கள் சண்பங்கோரை என்கின்றன. சிங்கள மக்கள் ஹம்பு பன் என்பர். தாவரவியல் இதனை ரைபா எனத் தனியொரு குடும்பத்தில் வைக்கும்.

இதனைக்கொண்டு முன்னோர் தவறிழைத்தனர் எனக் கூறுதல் பொருந்தாது. அவர்தம் வகைப்பாடு வேறோர் அடிப்படையில் அமைந்தது. நீர்நிலையில் நெருங்கி வளர்ந்து, நீண்ட தண்டோ இலையோ உடையதாய், முடையவும் கட்டவும் வேயவும் பயன்படுவது கோரை. அது பயன்பாட்டாலும் வாழிடத்தாலும் அமைந்த வகுப்பு. பூவுறுப்புக்களின் அமைப்பால் அமைந்ததன்று. குறை எங்கே நிகழ்ந்ததெனில், பிற்காலத்தார் இவ்விருவேறு வகைப்பாடுகளையும் ஒன்றெனக் கொண்டு, பழஞ்சொல் ஒவ்வொன்றுக்கும் இலத்தீன் பெயரொன்றைப் பொருத்தி அமைதியடைந்தமையிலேயாகும். சொல்லுக்குச் சொல் வைத்தல் அடையாளங்காணல் ஆகாது.

தாவரவியலையும் தமிழ் அகராதிக் கலையையும் ஒருவரே கையாண்ட காலமும் இருந்தது. தரங்கம்பாடியில் மிசனரியாகப் பணியாற்றிய யோன் பீற்றர் இறொட்லர் (1749–1836) செடிகளைத் திரட்டி உலர்த்தி ஐரோப்பாவுக்கு அனுப்பியவர். தமிழ் ஆங்கில அகராதியொன்றையும் தொகுத்தவர். அதன்பின் 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதியும், 1924 தொடக்கம் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும் தாவரப் பெயர்களுக்கு இலத்தீன் பெயர்களைத் தந்துள்ளன. இவற்றின் பெருமை மறுக்கற்பாலதன்று. எனினும், செடியைக் கையில் வைத்திருந்தவனிடமிருந்து சொல்லை மட்டும் வைத்திருந்தவனுக்கு இப்பணி கைமாறியபோது ஒன்று விடுபட்டுப்போயிற்று. அது யாதென அடுத்துக் காண்போம்.

2. கையும் கண்ணும்

கோரையைப் புல்லினின்றும் பிரித்தறிதல் அரிதன்று. தண்டினை இரு விரல்களுக்கிடையே வைத்து உருட்டினாற் புல் எளிதில் உருளும். கோரை பெரும்பாலும் உருளாது. அதன் தண்டு மூன்று பட்டைகளுடையதாய்க் கைக்குத் தட்டுப்படும். புல்லின் தண்டிற் கணுக்கள் உண்டு. கணுக்களுக்கிடையே பெரும்பாலும் உள்வெளி காணப்படும். கோரையின் பூந்தண்டு பொதுவாகக் கணுவின்றி உள்ளே சோறு நிரம்பியிருக்கும். புல்லின் இலைகள் இரு வரிசையிலும் கோரையின் இலைகள் மூன்று வரிசையிலும் எழும். புல்லின் இலையுறை ஒரு பக்கம் திறந்திருக்கும். கோரையின் உறை குழல்போல் மூடியிருக்கும். இவ்விதிகளுக்கு விலக்குகளும் உள. எலியோக்காரிசு இனக்கோரைகளுட் சிலவற்றின் தண்டு உருண்டையானது. குறுக்கே தடுப்புக்களையும் உடையது.

குடும்பத்தை அறிந்தபின் இனத்தை அறிதல் கடினமான பணியாகும். அதற்குப் பூங்கொத்தின் அமைப்பு, செதில்களின் வடிவம், சூற்றண்டின் முடி இரண்டாகப் பிளந்ததா மூன்றாகப் பிளந்ததா என்பது, முதிர்ந்த சிறு கொட்டையின் உருவம் ஆகியவற்றை உருப்பெருக்கி கொண்டு நோக்கல் வேண்டும். பூவும் காயும் இல்லாத கோரையைப் பெயரிட்டு உரைப்பவர் பெரும்பாலும் ஊகத்தையே உரைக்கின்றார்.

இலங்கைக் கோரைகளைப் பொறுத்தவரை இத்துறையில் இரு நூல்கள் அடிப்படையானவை. பேராதனைத் தாவரப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த என்றி திறிமென் தொடங்கிய இலங்கைத் தாவரக் கைந்நூலின் ஐந்தாம் தொகுதி, அவர் 1896இல் மறைந்தபின் சேர் யோசப் ஊக்கரால் நிறைவு செய்யப்பட்டு 1900இல் வெளிவந்தது. அக்கைந்நூலின் திருத்திய பதிப்பிலே, 1985இல் வெளிவந்த ஐந்தாம் தொகுதியில், யப்பானிய அறிஞர் கோயாமா இக்குடும்பத்தை மீளாய்வு செய்தார். இந்நூல்களின் ஒவ்வொரு பதிவிலும் உருவ விளக்கத்தைத் தொடர்ந்து, அச்செடி வளரும் இடம் தவறாது கூறப்படுகின்றது. ஈரவலயமா உலர்வலயமா, வயலா குளக்கரையா, நன்னீரா உவர்நீரா என்பன பொருள் விளக்கத்தின் பகுதிகளாகவே அமைகின்றன. எமது அகராதிகளின் பதிவுகளில் விடுபட்டது இதுவே. அங்கே செடி உண்டு. அது நிற்கும் நிலம் இல்லை.

இவ்விடுபாடு தமிழ் மரபுக்கு முரணானது என்பது வியப்புக்குரியது. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். மரமும் பூவும் அவற்றின்வழித் தோன்றும் கருப்பொருள் என்றார். நிலத்தை முன்வைத்துச் செடியைக் காணும் முறையைக் கவிதையியலின் அடிப்படையாகக் கொண்ட மொழியிலே, செடிப்பெயர்களுக்குப் பொருள் எழுதுமிடத்து நிலம் மறக்கப்பட்டுவிட்டது.

நிலத்தின் சான்று எத்தகையது என்பதைக் கொலன்னாவையில் வாய்க்கால் ஒன்றின் கரையிலே நின்று நோக்குவோர் உணரலாம். கரையின் மேட்டில், மிதிபடும் நடைபாதையோரத்தில் நிற்பது முத்தக்காசு. சைப்பெரசு ரொற்றுண்டசு என லின்னேயசு 1753இற் பெயரிட்டதும், சிங்களத்திற் கலந்துரு எனப்படுவதும் இதுவே. மண்ணைக் கிளறினால் மெல்லிய வேர்த்தண்டுகளாற் கோக்கப்பட்ட கரிய சிறு கிழங்குகள் மணத்துடன் வெளிப்படும். சித்த மருத்துவர் கோரைக்கிழங்கு என்பது இதனையே. கரையிலிருந்து இறங்கிச் சேற்றிற் கால் வைத்தால், தோற்றத்தில் இதற்கு உறவான சைப்பெரசு இரியா நிற்கும். அதனைப் பிடுங்கினாற் கிழங்கு இல்லை. செந்நிறம் பாய்ந்த நார்வேரே உண்டு. அது ஒருபருவப் பூண்டு. நெல்வயலின் நீண்டகாலக் களை. கதிர்கள் உருண்டையாகத் திரண்ட சைப்பெரசு டிபோமிசும் அத்தகையதே. நீர் ஆழமாகுமிடத்திற் சம்பு தனியாட்சி செய்கின்றது. சில அடி உயர வேறுபாட்டிலே நிலம் தன் குடிகளைப் பிரித்து வைத்துள்ளது. ‘கோரை’ என்னும் ஒரு சொல்லாலே இவை யாவற்றையும் கடந்து செல்லும் ஆராய்ச்சி எதனை இழக்கின்றது என்பது இங்கே புலனாகும்.

3. பங்கோரை என்னும் சொல்

தாவரவியலின் இலத்தீன் பெயர்களிலே தமிழ்ச்சொல் நிலைபெற்ற இடமொன்று ஈண்டு மனங்கொளத்தக்கது. பாய் முடைதற்குரிய கோரையொன்றின் பெயர் சைப்பெரசு பங்கோரை என்பதாகும். கோப்பன்கேகனைச் சேர்ந்த றொட்பெல் என்னும் பேராசிரியர் 1773இல் வெளியிட்ட நூலில் இப்பெயரை வழங்கினார். அக்காலத்தில் தரங்கம்பாடி தேனியர் வசமிருந்தது. லின்னேயசின் மாணாக்கரான கோனிக் அங்கிருந்தே செடிகளைச் சேகரித்து ஐரோப்பிய அறிஞருக்கு அனுப்பிவந்தார். சோழமண்டலக் கரையில் யாரோ ஒருவர் வாயிலிருந்து எழுந்த சொல், இன்று உலகத் தாவரவியலாளர் அனைவரும் வழங்கும் சொல்லாக நிலைத்துள்ளது. பின்னர் உரொக்சுபரோ இதே செடிக்குப் ‘பாய்களுக்குரியது’ என்னும் பொருளுடைய இலத்தீன் பெயரொன்றை வழங்கினார். எனினும், முந்திய பெயருக்கே உரிமை என்னும் தாவரவியல் விதிப்படி தமிழ்ச்சொல்லே நிலைபெற்றது.

இச்சொல்லின் பின்பகுதி கோரை என்பதில் ஐயமில்லை. முன்பகுதி யாது? இருவகையாகக் கொள்ள இடமுண்டு. கிழக்கிலங்கைத் தமிழ்பேசும் மக்கள் இன்றும் பன்பாய் என வழங்குவர்; சிங்களத்திலும் பாய்க்குரிய நீர்ப்பூண்டுகள் பன் எனப் பெயர்பெறும். இதனைக்கொண்டு பன்கோரை என்பது ஒரு கொள்கை. மற்றையது, பைங்கோரை என்பதன் திரிபு எனக் கொள்வது. சங்கச் செய்யுள்களிற் பைஞ்சாய் என்னும் கோரைப்பெயர் பஞ்சாய் எனவும் வழங்குகின்றது. ஐகாரம் அகரமாகக் குறுகிய இவ்வழக்கு, பைங்கோரை பங்கோரையாதற்கு நேரிய ஒப்புமையாகும். முதற்கொள்கைக்கு இன்றைய வழக்கும், இரண்டாவதற்கு ஒலியியல் ஒப்புமையும் துணைநிற்கின்றன. ஒலியியற் சான்று சொல்லின் உள்ளேயே அமைந்திருத்தலின் நாம் பைங்கோரை என்பதையே ஏற்கின்றோம்.

பஞ்சாய் பற்றியும் இவ்விடத்து ஒன்று கூறுதல் வேண்டும். அதனாற் பாவை செய்து சிறுமியர் விளையாடியமை சங்க நூல்களிற் பலகாற் பேசப்படுகின்றது. குறுந்தொகையின் 276ஆம் பாட்டு, இளையாளுக்குப் பாவை செய்து கொடுத்தலையும் பஞ்சாய் வளரும் பள்ளத்தைச் சூழ்ந்து காத்தலையும் ஒருங்கே கூறுகின்றது. உரைகாரர் இதனைக் கோரை என்ற அளவில் விட்டனர். ஆனால், செய்யுள் தானே இரு குறிப்புக்களைத் தந்துள்ளது: அது பள்ளத்தில் வளர்வது, வளைத்துக் கட்டுவதற்கு இசைந்த நீள்தண்டு உடையது. மேட்டில் வளரும் முத்தக்காசு இதனால் நீங்கிவிடுகின்றது. வயலிற் குறுகி நிற்கும் ஒருபருவக் களைகளும் நீங்குகின்றன. பாய்க்குரிய நெடுங்கோரைகளின் கூட்டமே எஞ்சுகின்றது. அக்கூட்டத்துள் இன்ன இனமென வரையறுத்தற்குச் செய்யுளில் இடமில்லை. ஆதலின் திறனாய்வாளன் அங்கே நின்றுவிடுதலே நேர்மையாகும்.

பாய்க்கோரையின் அடையாளத்திலே அறிவியலாரிடையேயும் மயக்கம் இருந்தமையை மறத்தலாகாது. பத்தமடைப் பாய்க்குரிய கோரையைச் சிலர் பங்கோரை என்றும், வேறு சிலர் சைப்பெரசு கோரிம்போசசு என்றும் எழுதினர். பத்தமடையின் நெசவாளர் தாமிரபரணிக் கரையிற் கோரையைத் தேர்ந்தெடுக்கையில் அவர்க்கு இம்மயக்கம் இல்லை. 2013இற் புவிசார் குறியீடு பெற்ற அக்கைவினை, அவர்தம் கையறிவின்மீது அமைந்தது. பெயரறிவும் கையறிவும் பிரிந்து நிற்றல் இரண்டுக்கும் இழப்பாகும்.

4. செருந்தியும் கண்பும்

இனி, நிலத்தின் சான்று இலக்கியப் பொருளைத் தீர்மானிக்கும் ஓர் இடத்தை நோக்குவோம். செருந்தி என்னுஞ் சொல் இருபொருள் உடையது. நெய்தற் கானலிற் பொன்னிறப் பூக்களுடன் நிற்கும் மரம் ஒன்று, கோரைவகை மற்றொன்று. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனின் பகைவர் நாடு பாழ்பட்ட நிலை விரிவாகக் கூறப்படுகின்றது. முன்னர் வளம்பெற்றிருந்த நிலத்திலே செருந்தியும் கண்பும் நெருங்கிப் பரந்தன என்பது அங்கு வரும் செய்தி. நச்சினார்க்கினியர் இங்கே செருந்தியை நெட்டிக்கோரை எனவும் கண்பினைச் சண்பங்கோரை எனவும் கொண்டார்.

உரையாசிரியர் ஏன் மரத்தைக் கொள்ளாது கோரையைக் கொண்டார்? உடன்வரும் கண்பு நீர்த்தாவரமாதலின் என்று கூறி அமையலாம். ஆயின், கொலன்னாவைச் சதுப்பைக் கண்டோர்க்கு அதனினும் ஆழ்ந்த காரணம் தோன்றும். அச்சதுப்பின் பெரும்பகுதி ஒருகாலத்தில் நெல் விளைந்த வயலாகும். கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் வேளாண்மை கைவிடப்பட்டு, வாய்க்கால்கள் தூர்ந்து, நீர் வடியாது தேங்கியபோது, நிலம் மாறத் தொடங்கிற்று. கைவிடப்பட்ட வயலில் முதலிற் பெருகுவன கோரைகள். ஏனெனில் அவற்றின் வித்துக்கள் சேற்றினுள்ளே ஏற்கெனவே காத்துக்கிடப்பன. காற்றில் வித்துப் பரப்பி, நிலத்தடித் தண்டினாற் படர்ந்து, நீர் தேங்கிய இடமெங்கும் நிரம்புவது சம்பு. களை பறிக்கும் கையும் மடை திறக்கும் கையும் நீங்கியமைக்கு இவ்விரு தாவரமும் கையெழுத்திட்ட சான்றுகள்.

ஆகவே மருதனார் கூறியது வெறும் வருணனையன்று. உழவர் ஓடிப்போன வயலுக்கு நேர்வது இதுவென்பதை அவர் கண்டறிந்திருந்தார். போரின் அழிவைக் குருதியாலன்றிக் கோரையால் அளந்தமை அப்புலவரின் தனிச்சிறப்பாகும். ‘ஒருவகைக் கோரை’ என அச்சொல்லைக் கடந்து செல்வோர் ஒரு தாவரப் பெயரை மட்டும் இழப்பதில்லை. அச்செய்யுளின் உள்ளமைந்த துயரையே இழந்துவிடுகின்றனர். வயலில் நெல் இல்லாதபோது அங்கே என்ன இருக்கும் என்பது, ஊரைவிட்டு நீங்கி மீண்டவர் பலரையுடைய எமது நாட்டு வாசகருக்கு அந்நியமான செய்தியன்று.

5. நிலம் என்னும் உரை

இத்தகைய உரைநூலாக விளங்கும் நிலத்துக்கு நேர்ந்தது யாது? 1968ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் கொழும்பு மாவட்டத்தின் தாழ்நிலங்களை ‘மீட்டு’ அபிவிருத்தி செய்யும் சபையொன்றை நிறுவிற்று. மீட்பு என்னும் சொல் திறனாய்வுக்கு உரியது. பகைவரிடமிருந்தோ அடைமானத்திலிருந்தோ மீட்பது உண்டு. சதுப்பு யாரிடமிருந்து மீட்கப்பட்டது? நீரிடமிருந்தும் கோரையிடமிருந்தும் என்பதே விடை. ‘ஒருவகைப் புல்’ என அகராதி எழுதியதும், ‘பயனற்ற தாழ்நிலம்’ எனத் திட்டங்கள் எழுதியதும் ஒரே மனப்பாங்கின் இரு வெளிப்பாடுகள் எனலாம். பெயரிட்டு அறியப்படாத ஒன்று பயனற்றதாகத் தோன்றுதல் இயல்பு.

ஆயின், நீர் இச்சொல்லை ஏற்றுக்கொள்ளவில்லை. கொலன்னாவை, ஹீன், கோட்டே ஆகிய சதுப்புக்கள் இணைந்தே கொழும்பின் வெள்ளத்தைத் தேக்கிவைக்கும் பரப்பாக அமைகின்றன. களனி கங்கை பெருகியிருக்கும் வேளையில் நகரின் மழைநீர் ஆற்றுக்குள் வடிய இயலாது. அந்நீர் இறங்கித் தங்குவதற்கு இடம் வேண்டும். 1992 யூன் மாதத்திலும், 2010 நவம்பரிலும், 2016 மே மாதத்திலும் கொழும்புப் பகுதி பெருவெள்ளங்களைக் கண்டது. 2016இற் கொலன்னாவையின் தாழ்ந்த பகுதிகளில் வாழ்ந்த மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர்.

குப்பையும் இந்நிலத்துக்கே வந்தது. கொட்டாஞ்சேனையை அடுத்த புளூமெண்டால் மேடு 2009இல் மூடப்பட்டபின், மாநகரின் குப்பை கொலன்னாவையைச் சேர்ந்த மீதொட்டமுல்லையிற் குவிக்கப்பட்டது. 2017 ஏப்பிரல் 14ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டு அன்று, அம்மேடு சரிந்து அயலிலிருந்த வீடுகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒரு பகுதியார் கண்ணில் மறைந்த குப்பை, மற்றொரு பகுதியார் தலைமேல் விழுந்தது.

2018 ஒக்ரோபரில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் முதன்முறையாக ‘ஈரநில நகரம்’ என ஏற்பளிக்கப்பட்ட 18 நகரங்களுட் கொழும்பும் ஒன்றாயிற்று. தாழ்நிலங்களை மீட்கவெனத் தோன்றிய நிறுவனமே இன்று ஈரநிலப் பூங்காக்களையும் பேணிவருதல் வரவேற்கத்தக்க மாற்றமாகும். எனினும், பேணப்படுவது எது என்பதிலும் தெளிவு வேண்டும். அன்னமுன்னாவுக்கு உறவான, அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த, சிங்களத்தில் வெல் ஆத்தா எனப்படும் சிறுமரம் இச்சதுப்புக்களிற் பரந்து படர்ந்துள்ளது. வரைபடத்தில் அது பசுமையாகவே தோன்றும். ஆயின், அதன் நிழலில் ஒளிநாடும் கோரைகள் நிலைபெறல் அரிது. பச்சை நிறம் முழுவதும் ஒன்றெனக் கொள்ளும் பார்வை, எல்லாக் கோரையும் ஒன்றெனக் கொண்ட அகராதியின் பார்வையினின்றும் வேறன்று.

முடிவுரை

மேற்கூறியவற்றால் நாம் துணியும் முடிபுகள் மூன்று. முதலாவது, பழந்தமிழ்த் தாவரப் பெயர்களுக்குப் பொருள் எழுதுமிடத்து உருவத்தோடு வாழிடமும் பதிவுசெய்யப்படல் வேண்டும். அதுவே தொல்காப்பிய மரபுக்கும் இன்றைய தாவரவியலுக்கும் ஒருங்கே இசைந்த முறையாகும். இரண்டாவது, செய்யுள் தரும் சான்று எவ்வளவு நுட்பமாக உள்ளதோ அவ்வளவு நுட்பமாகவே அடையாளமும் அமைதல் வேண்டும். இலத்தீன் பெயர் கிடைத்துவிட்டமை ஆராய்ச்சி முடிந்துவிட்டமைக்கு அறிகுறியன்று. மூன்றாவது, தமிழ் மாணவரும் தாவரவியல் மாணவரும் ஒரே வாய்க்காற் கரையில் ஒருங்கு நின்று நோக்கும் வாய்ப்பினைப் பல்கலைக்கழகங்கள் உருவாக்குதல் வேண்டும். இறொட்லர் ஒருவராய்ச் செய்ததை இருவர் கூடிச் செய்தல் இயலாததன்று.

மருதனார் பாடிய செருந்திக்கும் கண்புக்கும் நச்சினார்க்கினியர் எழுதிய உரை ஏட்டில் உள்ளது. அவ்வுரை மெய்யென்பதைக் காட்டும் உரை கொலன்னாவையிற் சேற்றில் நிற்கின்றது. ஏட்டினைச் செல்லரிக்காது காக்க முன்னோர் அரும்பாடுபட்டனர். மற்றையதைக் காத்தல் எம்மேல் விழுந்த கடனாகும்.